குழந்தைகள் கையில் எடுத்து விளையாட ஒரு நூல் குடில்: பின்னும் முறையும் சில ஐயங்களும்

நூல்கண்டு | செப்டம்பர் 8

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் டிசம்பர் பிறந்ததும், இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வழக்கம் என் மாமனாரின் தந்தை காலத்திலிருந்தே இருக்கிறது. பழுப்புத் தாளைக் கசக்கிக் குகை செய்வோம். சிறு தட்டுகளில் கேழ்வரகை முளைக்க விட்டுப் புல்வெளி ஆக்குவோம். பெட்டியிலிருந்து பிளாஸ்டர் சுரூபங்களை (சிலைகளை) ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்போம். சென்ற ஆண்டு என் நான்கு வயது மகள் ஓர் ஆட்டை எடுத்துச் சென்று, அதற்குத் தாகமாக இருக்கும் என்று சமையலறைத் தொட்டியில் தண்ணீர் காட்டியிருக்கிறாள். ஆடு கைநழுவி விழுந்து காது உடைந்தது. நான் அவளை அதட்டிவிட்டேன். அதன் பிறகு திருநாள் முடியும்வரை அவள் குடிலின் முன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நின்றாள். அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்தது.

ஆகவே இந்த ஆண்டு அவளுக்கும், இப்போது பதினாறு மாதமாகும் தம்பிக்கும், எடுத்து விளையாடவென்றே உல்லன் நூலில் ஒரு குடில் பின்ன முடிவு செய்திருக்கிறேன். குழந்தை இயேசு, மரியா, சூசை, ஒரு வானதூதர், ஓர் இடையர், மூன்று ராஜாக்கள், மாடு, கழுதை, ஆடு என மொத்தம் பதினோர் உருவங்கள். கிறிஸ்துமசுக்கு இன்னும் பதினைந்து வாரங்கள் இருக்கின்றன. வாரத்திற்கு ஓர் உருவம் முடித்தால் போதும்.

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் சால்வையும் மேசை விரிப்பும் பின்னியிருக்கிறேனே தவிர, பஞ்சு அடைத்த பொம்மை பின்னியதில்லை. எந்த நூல், எந்த ஊசி, எவ்வளவு பெரிதாக என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

ஊசிமுனை | செப்டம்பர் 9

சகோதரி, சால்வை பின்னும் கை பொம்மை பின்னவும் பழகிவிடும். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். சால்வை துவள வேண்டும் என்பதற்காகத் தளர்வாகப் பின்னுவோம். பொம்மையின் பின்னலோ உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே தெரியாத அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். நூல் உறையில் 3.5 அல்லது 4 மி.மீ. ஊசி என்று அச்சிட்டிருந்தாலும், நீங்கள் 2.5 மி.மீ. ஊசியை எடுங்கள். முதல் நாள் விரல் வலிக்கும். மூன்றாம் நாள் கை தானாகப் பழகிவிடும்.

பெரியவர்களின் உருவத்திற்கு நான் பயன்படுத்தும் கணக்கு இது. எல்லாம் சிங்கிள் குரோஷா என்ற அடிப்படைப் பின்னல். மேஜிக் ரிங் எனப்படும், இழுத்தால் மூடிக்கொள்ளும் நூல் வளையத்தில் 6 கண்ணிகளில் தொடங்கி, சுற்றுக்கு ஆறாகக் கூட்டி 12, 18, 24, 30 என்று ஐந்தாம் சுற்றில் வட்டத்தை முடியுங்கள். ஆறாம் சுற்றை, கண்ணியின் மேல் தெரியும் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் குத்திப் பின்னினால் அடிப்பாகம் ஓரம் மடிந்து தட்டையாக நிற்கும். 11ஆம் சுற்றுவரை 30 கண்ணிகளாகவே செல்லுங்கள். 12ஆம் சுற்றில் 24 ஆகக் குறைத்து, 15 வரை அப்படியே பின்னி, 16இல் 18 ஆக்குங்கள். 17, 18ஆம் சுற்றுகள் மாற்றமில்லை. 19ஆம் சுற்றில் 12 ஆகக் குறைத்தால் அதுதான் கழுத்து. அங்கே தோல் நிற நூலுக்கு மாறி, மீண்டும் 18, 24 எனக் கூட்டுங்கள்; ஆறு சுற்றுகள் 24ஆக ஓட்டி, 18, 12, 6 எனக் குறைத்து மூடுங்கள். ஏறக்குறைய 11 செ.மீ. உயரம் வரும், அடிப்பாகம் நான்கு செ.மீ.க்குச் சற்று அதிகமாக இருக்கும். நான்கு வயதுப் பிள்ளையின் உள்ளங்கைக்கு அது பொருத்தமான அளவு.

குறைக்கும் இடங்களில் இரண்டு கண்ணிகளின் முன் இழைகளை மட்டும் ஊசியில் எடுத்துச் சேர்த்துப் பின்னுங்கள். முழுக் கண்ணியையும் எடுத்தால் அவ்விடத்தில் ஓட்டை விழும். குழந்தையின் விரல் அந்த ஓட்டையைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

யூடியூப் பார்த்துப் பழகுபவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்பதைத்தான் ஆங்கிலேயர்கள் டபுள் குரோஷா என்கிறார்கள். நம் வீடுகளில் உள்ள பழைய பின்னல் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர் முறையில் எழுதப்பட்டவை. இந்தக் குழப்பத்தால் என் முதல் பொம்மை கழுத்து நீண்ட கொக்குபோல வந்தது. முழுவதையும் பிரித்துத்தான் மறுபடி பின்னினேன்.

---

பஞ்சுப்பொதி | செப்டம்பர் 9

நான் போடிப் பக்கத்தைச் சேர்ந்தவன். இலவம்பஞ்சு எங்கள் ஊர்ப் பொருள் என்பதால் அதை அடையுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் குழந்தை வாயில் வைக்கும், நீங்கள் அடிக்கடி துவைப்பீர்கள் என்றால் அது ஏற்றதன்று. இலவம்பஞ்சின் இழை குட்டையானது, வழுவழுப்பானது. பின்னலின் இடைவெளி வழியே தூசியாக உதிரும். நனைந்தால் ஒரு பக்கமாக உருண்டு கட்டியாகி, உள்ளே காய நாளாகும். விதையும் இடையிடையே இருக்கும். தலையணைக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சை வாங்கி, கையால் நன்றாகப் பிய்த்துவிட்டுச் சிறிது சிறிதாக அடையுங்கள். ஒரே உருண்டையாகத் திணித்தால் பொம்மை புடைப்பும் பள்ளமுமாகத் தெரியும். கழுத்தில் மட்டும் சற்று இறுக்கமாக அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தே நாளில் தலை சாய்ந்துவிடும்.

---

நூல்கண்டு | செப்டம்பர் 21

இருவருக்கும் நன்றி. மரியாவும் சூசையும் முடிந்துவிட்டார்கள். அடிப்பாகம் உருளாமல் நிற்பதற்கு, தயிர் டப்பாவின் மூடியை வட்டமாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்து உள்ளே வைத்தேன். கூழாங்கல் வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். தம்பி எதையும் வீசி எறியும் பருவத்தில் இருப்பதால் அதை விட்டுவிட்டேன்.

குழந்தை இயேசுவைத் துணியில் சுற்றிய வடிவில், கைகால் இல்லாமல் பின்னியிருக்கிறேன். தலைக்கு 6, 12, 18 எனக் கூட்டி, மூன்று சுற்று ஓட்டி, கழுத்தில் 12 ஆக்கி, வெள்ளை நூலில் மீண்டும் 18 ஆக்கி எட்டுச் சுற்று. மொத்த நீளம் ஆறரை செ.மீ. மிக அழகாக வந்திருக்கிறது. குழந்தையை அது கிடக்கும் தீவனத் தொட்டியோடு சேர்த்துத் தைத்துவிடலாமா, தனியாக எடுக்கும்படி விடலாமா என்பதுதான் இப்போது கேள்வி. தைத்துவிட்டால் தொலையாது.

---

வெள்ளைத்துணி | செப்டம்பர் 21

தைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் முதலில் செய்வது குழந்தையைத் தூக்குவதுதான். என் அக்கா மகனுக்கு நான் செய்து கொடுத்த குடிலில் குழந்தையைத் தொட்டியோடு தைத்திருந்தேன். அவன் தொட்டியையும் சேர்த்து மார்பில் அணைத்துக்கொண்டு தாலாட்டினான். அதைப் பார்த்துவிட்டு அன்றிரவே தையலைப் பிரித்தேன்.

---

ஊசிமுனை | செப்டம்பர் 22

தனியாக விடுவதுதான் சரி. ஆனால் அந்த அளவு எனக்கு அச்சமாக இருக்கிறது. 18 கண்ணிச் சுற்று என்றால் விட்டம் ஏறக்குறைய 2.6 செ.மீ. தான் வரும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. எந்தப் பொருள் எந்தக் கோணத்திலாவது முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறதோ, அது தொண்டையை அடைக்கக்கூடியது என்று கருதி ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் குழந்தை நீளத்தால் தப்பலாம். ஆனால் நூல் பொம்மை நசுங்கும், ஈரத்தில் இன்னும் நசுங்கும். பழைய கேமரா பிலிம் சுருள் வைத்து வந்த டப்பா வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அது ஏறக்குறைய இதே அகலம்தான்.

கண்ணுக்கும் இதையே சொல்கிறேன். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கண்ணின் பின்புறம் பூட்டு வளையம் இருந்தாலும், பின்னல் விரிந்து கொடுக்கும்போது கண் அப்படியே வெளியே வந்துவிடும். பதினாறு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் கறுப்பு நூலால் தைத்த கண்ணே போதும். மணி, பொத்தான், கம்பி ஆகிய மூன்றும் வேண்டவே வேண்டாம். ராஜாக்களின் கிரீடத்தைத் தனியாகச் செய்து ஒட்டாமல், தலையின் முன் இழைகளில் ஊசியைக் குத்தி மஞ்சள் நூலில் அங்கேயே பின்னி எழுப்புங்கள். இடையரின் கோலைப் பட்டையாகப் பின்னி, உடலோடு முழு நீளத்திற்கும் தைத்துவிடுங்கள்.

---

நூல்கண்டு | செப்டம்பர் 23

பிலிம் டப்பா மாமனாரின் மேசை இழுப்பறையில் கிடைத்தது. குழந்தையை உள்ளே விட்டுப் பார்த்தேன். சிறிது அழுத்தியதும் முக்கால் பங்கு உள்ளே போய்விட்டது. எனக்கு உடல் நடுங்கிவிட்டது. நேரம் பாராமல் உட்கார்ந்து பிரித்துவிட்டேன்.

புதிதாகப் பின்னியதன் கணக்கை, பின்னால் வருபவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக எழுதுகிறேன். 6, 12, 18, 24; நான்கு சுற்று 24ஆகவே; அடுத்த சுற்றில் 18 ஆக்கிக் கழுத்து. வெள்ளை நூலில் மீண்டும் 24. ஒன்பது சுற்று ஓட்டிவிட்டு 18, 12, 6 எனக் குறைத்து மூடுதல். பஞ்சை நன்கு இறுக்கி அடைத்தபின் விட்டம் மூன்றரை செ.மீ. அளவுக்கு வந்தது, நீளம் எட்டரை. டப்பாவின் வாயிலேயே நின்றுவிடுகிறது. மரியாவின் உயரம் பதினொன்று என்பதால் பிள்ளை தாயைவிடச் சற்றுத்தான் சிறிது; கைக்குழந்தைக்கு அது மிகப் பெரிதாகத் தெரிகிறது. இருக்கட்டும். இந்தக் குடிலில் பெரிதாக இருக்க வேண்டியது அந்தப் பிள்ளைதான்.

தீவனத் தொட்டியையும் பெரிதாக்க வேண்டியதாயிற்று. பழுப்பு நூல் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்து, 4 மி.மீ. ஊசியில் 10 செயின் போட்டு, அதன் இருபுறமும் மூன்று சுற்று கூட்டிக்கொண்டே போய், பிறகு கூட்டாமல் நான்கு சுற்று எழுப்பினேன். ஓடம் போன்ற வடிவத்தில் விறைப்பாக நிற்கிறது.

---

பழைய குடில் | அக்டோபர் 2

இந்த உரையாடலைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். எங்கள் பங்குக் கோயிலில் முப்பது ஆண்டுகளாக மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் அன்பையும் உழைப்பையும் குறை கூறவில்லை, மகளே. ஆனால் ஆண்டவரின் உருவத்தைத் தரையில் போட்டு உருட்டி விளையாடும் பொம்மையாக்கலாமா? எங்கள் வீட்டில் குடிலை மந்திரித்து (குருவின் ஆசி பெற்று), அதன்முன் முழந்தாளிட்டு நவநாள் செபம் சொல்லி வளர்ந்தோம். குடில் சுரூபத்தைத் தொடுவதற்கு முன் கை கழுவச் சொல்வார் என் தாயார். பிள்ளைகளுக்குப் பயபக்தி எங்கிருந்து வரும்?

---

பனங்காடு | அக்டோபர் 2

அம்மாவின் கேள்வி மதிக்கத்தக்கது. நான் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையைச் சேர்ந்தவன். எங்கள் வேதாகமத்தில் அந்தத் தொட்டிக்கு ‘முன்னணை’ என்று பெயர். எங்கள் வீட்டில் சுரூபம் வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் குடிலின் தொடக்கத்தைப் பற்றி நான் படித்தறிந்தது உங்கள் கத்தோலிக்கச் சபையின் புனிதரைப் பற்றியதுதான்.

1223ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில், அசிசியின் பிரான்சிஸ் ஒரு தொட்டியில் வைக்கோலை நிரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு வந்து சூழ்ந்து நின்றார்கள். பெத்லகேமில் பிறந்த பிள்ளை பட்ட குறைகளைத் தம் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் விருப்பம் என்று, அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தாமஸ் குறித்திருக்கிறார். அங்கே எட்ட நின்று பார்ப்பதற்கான சிலை எதுவும் இல்லை. வைக்கோலின் வாசனையும் மாட்டின் மூச்சும் மக்களின் மேல் பட்டன. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பெரியவர்களுக்கே தேவைப்பட்ட அந்த அண்மை, நான்கு வயதுப் பிள்ளைக்கு நூலில் கிடைக்கட்டுமே என்பது என் எண்ணம்.

---

நூல்கண்டு | அக்டோபர் 3

அம்மா, நீங்கள் கேட்டதை என் மாமியாரும் கேட்டார். நான் முடிவு செய்திருப்பது இதுதான்: மந்திரித்த பிளாஸ்டர் குடில் எப்போதும்போல் வரவேற்பறையில் இருக்கும், மாலைச் செபம் அதன்முன் நடக்கும். நூல் குடிலை மந்திரிக்கக் கொடுக்கப் போவதில்லை. இறை வழிபாட்டுக்கென மந்திரித்த பொருளை வேறு பயன்பாட்டுக்கு எடுக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1171 சொல்வதை எங்கள் பங்குத்தந்தை விளக்கினார். இது கதை சொல்லும் பொம்மை; அது வழிபாட்டுக்குரியது. இந்த வேறுபாட்டை மகளிடம் சொன்னபோது, “அந்த இயேசுவைக் கும்பிடணும், இந்த இயேசுவைத் தூக்கிக்கணும்” என்று தானே வகுத்துக்கொண்டாள்.

---

பழைய குடில் | அக்டோபர் 4

பிள்ளை சொன்னதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். விளையாடி முடித்ததும் பாலனைத் தரையில் விட்டுவிடாமல் தொட்டியில் கிடத்திவிட்டுத் தூங்கச் செல்லும் வழக்கத்தை மட்டும் ஏற்படுத்துங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். டிசம்பர் 24 நள்ளிரவு வரை தொட்டி காலியாகவே இருக்கட்டும். மூன்று ராஜாக்களையும் தொடக்கத்திலேயே குடிலில் வைத்துவிடாதீர்கள். வீட்டின் தொலைவான அறையில், சன்னல் திட்டில் வைத்து, நாளுக்குச் சிறிது நகர்த்திக் கொண்டுவாருங்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 அன்று வந்து சேரட்டும். என் வகுப்புப் பிள்ளைகளிடம் அட்டைப் படத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். இன்று ராஜாக்கள் எங்கே என்ற கேள்வியோடுதான் வகுப்பு தொடங்கும். ராஜாக்கள் என்று நாம் சொல்பவர்கள் மத்தேயு நற்செய்தியில் வரும் ஞானிகள்; அவர்கள் மூவர் என்ற எண்ணிக்கை அதில் இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்ற காணிக்கைகள்தான் மூன்று. சாம்பிராணி என்றதும் நம் பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஒரு கட்டியை எடுத்து முகரக் கொடுங்கள்.

---

வெள்ளைத்துணி | அக்டோபர் 19

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நான் பின்னிய மரியாவின் கருநீல நூல், முதல் சலவையிலேயே சாயம் விட்டு, பாலனின் வெள்ளைத் துணி முழுவதும் ஊதாத் திட்டாகிவிட்டது. இரண்டையும் ஒரே வாளியில் ஊறப்போட்டது என் தவறு. பின்னத் தொடங்குமுன் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழ நூலை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து இரவு முழுவதும் அழுத்திவையுங்கள். கருநீலம், சிவப்பு, மெரூன் ஆகிய மூன்றையும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

தோல் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். கடையில் ‘ஸ்கின்’ என்று கேட்டால் இளஞ்சிவப்பு நூலைத்தான் எடுத்துத் தருகிறார்கள். பாலஸ்தீனத்து யூதக் குடும்பத்திற்கு அது பொருந்தாது. நம் பிள்ளைகளுக்கும் அது தங்கள் முகமாகத் தெரியாது. தேன் நிறம், பட்டை நிறம், காப்பிக்கொட்டை நிறம் என மூன்றை வாங்கிக் கலந்து பின்னுங்கள்.

---

நூல்கண்டு | நவம்பர் 16

மாடும் கழுதையும் முடிந்தன. மகள் கழுதையின் காதுகளைப் பிடித்துத்தான் தூக்குவாள் என்று தெரிந்ததால், காதைத் தலையில் தைக்கும் நூலை மறுபக்கம்வரை கொண்டுபோய் இரண்டு முறை திருப்பி இழுத்திருக்கிறேன். ஆட்டின் உடலுக்கு மொட்டு மொட்டாக எழும் பாபிள் தையல் போட்டேன். வளையம் வளையமாகத் தொங்கும் தையல் உண்மையான ஆட்டு ரோமம்போலவே தெரிந்தாலும், தம்பியின் விரல் அதில் சிக்கும்.

கதையைச் சொல்லிக்கொண்டே பின்னும்போது, லூக்கா நற்செய்தியில் கழுதை எங்கே வருகிறது என்று மகள் கேட்டாள். படித்துப் பார்த்தால் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. தொட்டி மட்டும் இருக்கிறது.

---

பனங்காடு | நவம்பர் 16

ஏசாயா முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்தைப் படித்துக் காட்டுங்கள், சகோதரி. மாடு தன் எஜமானையும் கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும் என்று வருகிறது. பழங்காலக் கிறிஸ்தவர்கள் அந்த வசனத்தை இந்தப் பிறப்போடு சேர்த்து வாசித்ததால்தான் அவ்விரண்டும் குடிலுக்குள் வந்து நின்றன.

பிரான்சின் தெற்கே புரோவான்ஸ் பகுதியில் சாந்தோன் எனப்படும் சிறு களிமண் பொம்மைகள் உண்டு. அங்கே குடிலுக்கு மீன்காரியும் ரொட்டி சுடுபவரும் தண்ணீர் சுமப்பவளும் வருகிறார்கள். 1803 முதல் மார்செய் நகரில் அதற்கென்றே சந்தை கூடுகிறது. நான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு பனையேறியையும், வலையைத் தோளில் போட்ட மீனவரையும் பின்னச் சொல்லி என் மனைவியிடம் கேட்டிருக்கிறேன். பதநீர்க் கலயத்தை மட்டும் தனியாக விடாமல் இடுப்போடு தைக்கச் சொல்லிவிட்டேன். ஊசிமுனை அவர்களின் பதிவைப் படித்ததன் பயன் அது.

---

ஊசிமுனை | நவம்பர் 17

பனையேறியின் படத்தை அவசியம் இங்கே இடுங்கள், ஐயா. இவ்வளவு அழகாக வருகிறது என்பதற்காகச் சிலர் விற்பனைக்கும் பின்ன நினைக்கக்கூடும். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு இந்தியத் தரநிலைகள் அமைவனத்தின் முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. சொந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னுவது வேறு, விற்பது வேறு. விற்பவர்கள் விதிகளை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

---

நூல்கண்டு | டிசம்பர் 27

24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், மகள் பாலனைத் தன் பாவாடை மடியில் வைத்து எடுத்துவந்து தொட்டியில் கிடத்தினாள். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் தொட்டியைச் சுற்றி, குடிலில் இருந்த எல்லா உருவங்களும் தொட்டிக்கு முதுகைக் காட்டியபடி வெளிப்புறம் பார்த்து நின்றன. ஏன் என்று கேட்டேன். “பாப்பா தூங்குது, யாரும் வராம பாத்துக்கறாங்க” என்றாள். நாங்கள் பெரியவர்கள் யாரும் அப்படி அடுக்கியதில்லை.

தம்பி ஆட்டின் காலை ஓயாமல் கடிக்கிறான். இதுவரை ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ராஜாக்கள் இன்று குளிர்சாதனப் பெட்டியின் அருகே வந்திருக்கிறார்கள்.

---

பழைய குடில் | டிசம்பர் 27

அந்தக் காவலைக் கலைக்காதீர்கள், மகளே. அப்படியே இருக்கட்டும்.

---

நூல்கண்டு | ஜனவரி 9

ராஜாக்கள் வந்து சேர்ந்து, குடிலும் கலைத்தாயிற்று. எல்லா உருவங்களையும் மிதமான சோப்பு நீரில் நிறவாரியாக அலசி, துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, இரண்டு நாள் நிழலில் காயவைத்தேன். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கழுத்துப் பகுதியை அழுத்திப் பார்த்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். அங்கேதான் கடைசியாகக் காய்கிறது. கழுதையின் ஒரு காது மட்டும் சற்றுத் தளர்ந்திருந்தது. அதை மறுபடி இழுத்துத் தைத்தேன். பூச்சி வராமல் இருக்க அந்துருண்டை போட வேண்டாம். குழந்தை வாயில் வைக்கும் பொருளில் அந்த நஞ்சு ஏறக்கூடாது. காய்ந்த வேப்பிலையைத் துணிமுடிச்சில் கட்டி வைத்திருக்கிறேன்.

பெட்டியில் பத்து உருவங்களும் தொட்டியும்தான் இருக்கின்றன. பதினோராவது உருவம் மகளின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, தர மறுத்துவிட்டாள். அடுத்த டிசம்பரில் தேடி அலையாமல் இருக்க, பெட்டியின் மேல் ‘பாலன் வெளியே’ என்று எழுதிப் பரணில் ஏற்றிவிட்டோம்.